சிறு இயந்திரப் பட்டறையின் அன்றாடப் பொறியியற் பிரச்சினைகள்: சூடடிக்கும் இயந்திரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

எமது நாட்டின் கைத்தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகியவற்றையே முதலிற் குறிப்பிடுவது வழக்கம். அவற்றின் தோற்றமும் வீழ்ச்சியும் ஆய்வுக்குரியனவே. ஆயினும், உழவு இயந்திரம் பழுதுற்றபோதும் நீரிறைக்கும் இயந்திரம் நின்றபோதும் கமக்காரர் நாடிச் சென்ற இடம் அவற்றுள் ஒன்றன்று. சந்தியோரத்துத் தகரக் கொட்டகையொன்றில், ஒரு கடைசல் இயந்திரம், ஒரு துளைகருவி, ஒரு வெல்டிங் கருவி, ஒரு சாணைக்கல் ஆகியவற்றுடன் மூவரோ நால்வரோ வேலை செய்யும் சிறு பட்டறையே அவருக்குத் துணைநின்றது, இன்றும் நிற்கிறது.

இப்பட்டறைகளின் வரலாறு இறக்குமதியின் வரலாற்றோடு பிணைந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, உதிரிப்பாகம் கிடைக்காத நிலையில் பட்டறைகளே அவற்றை ஆக்கிக் கொடுத்தன. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு அவற்றின் தேவை குறைந்ததாகக் கருதப்பட்டது. 1990களில் வடபகுதிக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டபோது, சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களைப் பழுதுபார்த்து வாழவைத்தவை பட்டறைகளே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் ஏற்பட்டபோது அவை மீண்டும் நினைவுக்கு வந்தன. தட்டுப்பாடு வரும்போது பட்டறையைப் புகழ்வதும், தட்டுப்பாடு நீங்கியதும் மறப்பதும் எமது வழக்கமாகிவிட்டது. புகழும்போதுகூட அதன் 'கைத்திறனை'யே புகழ்கின்றோம். அங்கு நாள்தோறும் எழும் பிரச்சினைகள் எத்தகையன, அவை ஏன் திரும்பத் திரும்ப எழுகின்றன என்று நாம் கேட்பதில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை எழுப்ப முனைகிறது. சிறு பட்டறையின் அன்றாடத் தோல்விகளுட் பெரும்பாலானவை கைத்திறனின் குறையால் விளைவன அல்ல. அளவும் நியமமும் எழுதப்பட்ட அறிவும் அங்கு சென்று சேராமையால் விளைவன என்பதே நாம் இங்கு நிறுவ விரும்புவது. இதற்கு எடுத்துக்காட்டாக நெற்கதிரிலிருந்து மணியைப் பிரிக்கும் சூடடிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

சூடடிக்கும் இயந்திரம்

எருமைகளையோ உழவு இயந்திரத்தையோ களத்திற் சுற்றவிட்டுச் சூடு மிதித்த முறைக்கு மாற்றாக வந்தது இவ்வியந்திரம். இதன் இதயம் ஒரு சுழலும் உருளை. உருளையின் மேற்பரப்பில் இரும்புப் பற்கள் மரையாணிகளாற் பூட்டப்பட்டிருக்கும். நீண்ட தண்டொன்று உருளையின் நடுவே சென்று இரு புறமும் குண்டுத் தாங்கிகளில், அதாவது பட்டறையார் 'பெயறிங்' என வழங்குவனவற்றில், அமர்ந்திருக்கும். உழவு இயந்திரத்தின் கப்பியிலிருந்து வார் மூலம் வலு கிடைக்கும். இன்று அறுவடையையும் சூடடிப்பையும் ஒருங்கே செய்யும் பெரிய இயந்திரங்கள் பரவியதனால் இதன் இடம் சுருங்கியுள்ளது. எனினும் தண்டு, தாங்கி, மரை, வெல்டிங், சுழலும் உருளை ஆகிய ஐந்தும் எல்லா விவசாய இயந்திரங்களுக்கும் பொதுவானவை. ஆதலால் இங்கு கூறப்படுவன நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் மாவரைக்கும் ஆலைக்கும் பொருந்தும்.

தண்டும் தாங்கியும்

பட்டறைக்குப் பெரும்பாலும் வரும் முறைப்பாடு, 'பெயறிங் நிற்குதில்லை' என்பது. புதிய தாங்கியைப் பூட்டிய சில கிழமைகளுள் அது மீண்டும் ஆடத் தொடங்குகிறது. தாங்கி மலிவுச் சரக்கு என்று பழி கூறப்படுகிறது. சில வேளைகளில் அது உண்மையே. பல வேளைகளில் குற்றம் தண்டின் விட்டத்தில் உள்ளது.

6205 என்னும் இலக்கமுடைய தாங்கியை நோக்குவோம். அதன் உள்விட்டம் 25 மில்லிமீற்றர். வெளிவிட்டம் 52 மில்லிமீற்றர். இத்தகைய தாங்கி இறுக்கமாக அமர்வதற்குத் தண்டின் விட்டம் 25.002க்கும் 25.015க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டுமென்பது நியமங்களில் வழமையாகக் கூறப்படும் ஒரு பொருத்தம். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 0.013 மில்லிமீற்றர் மட்டுமே. இது தலைமயிரொன்றின் தடிப்பிற் சிறு பங்காகும். தண்டு இதனினும் மெலிந்திருப்பின் தாங்கியின் உள்வளையம் தண்டின்மீது மெல்ல மெல்ல நழுவிச் சுழன்று அதனைத் தேய்த்துவிடும். தடித்திருப்பின் உள்வளையம் விரிந்து, குண்டுகளுக்கு இருக்கவேண்டிய இடைவெளி மறைந்து, தாங்கி சூடேறி அழியும்.

மூத்த தொழிலாளி ஒருவர் காலிப்பரின் தொடுகையுணர்ச்சி கொண்டே மில்லிமீற்றரின் நூறிலொரு சில பங்குகளை அறிவார். இது வியக்கத்தக்க திறன். ஆனால் மேற்கூறிய பொருத்தத்துக்கு அதுவும் போதாது. நுண்மானித் திருகுக் கணிச்சி வேண்டும். கணிச்சி இருந்தாலும் மற்றொரு பொறி உண்டு. கடைந்து முடித்த கணத்தில் தண்டு சூடாக இருக்கும். உருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.0115 மில்லிமீற்றர் விரியும். சூழலைவிட 40 பாகை கூடிய வெப்பநிலையில் அளக்கப்பட்ட 25 மில்லிமீற்றர்த் தண்டு, ஆறியபின் 0.0115 மில்லிமீற்றர் சுருங்கிவிடும். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு முழுவதையும் இச்சுருக்கமே ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. அளக்கும்போது சரியாயிருந்த தண்டு மறுநாட் காலை தளர்ந்திருப்பதன் இரகசியம் இதுவே. கடைசி மெல்லிய சீவலுக்கு முன் தண்டை ஆறவிடுதல் என்னும் செலவற்ற ஒழுங்கு இதனைத் தீர்க்கும். ஆனால் வாசலிற் கமக்காரர் காத்திருக்கையில், ஆறவிடும் அரை மணித்தியாலமும் செலவாகவே தோன்றும்.

தாங்கிக் கூட்டிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் எழுகிறது. பழைய பிஸ்டன்களை உருக்கி வார்த்த அலுமினியக் கூடுகள் பட்டறைகளிற் காணப்படுபவை. அலுமினியம் உருக்கினும் ஏறத்தாழ இருமடங்கு விரியும். இயந்திரம் ஓடிச் சூடேறி வெப்பநிலை 50 பாகை உயருமாயின், 52 மில்லிமீற்றர் விட்டமுள்ள கூட்டுக்கும் தாங்கிக்கும் இடையே 0.03 மில்லிமீற்றர் புதிய தளர்வு உண்டாகும். இதனாலேயே குளிர்ந்தபோது இறுக்கமாயிருந்த கூடு ஓட்டத்தின்போது தளர்கிறது.

இந்நிலையில் தண்டின்மீது புள்ளியுளியால் அடித்துக் குழிகளின் விளிம்பை உயர்த்துவதும், தகரத் துண்டைச் செருகுவதும் பட்டறை வழக்கம். இவற்றை அறியாமை எனத் தள்ளிவிடுதல் தகாது. மழைக்கு முன் களத்தை முடிக்க வேண்டிய நாளில் இவை இயந்திரத்தை ஓடவைக்கின்றன. ஆனால் தாங்கி அப்போது தண்டின் முழுப் பரப்பிலும் அமராது சில மேடுகளில் மட்டுமே அமர்கிறது. மேடுகள் தேய்ந்ததும் பழைய நிலையே மீளும். தற்காலிகத் தீர்வு நிரந்தரத் தீர்வாகக் கொள்ளப்படுவதே பிழை.

மரைகளின் குழப்பம்

எமது வயல்களில் ஓடிய இயந்திரங்கள் பல நாடுகளிலிருந்து வந்தவை. பிரித்தானிய ஆக்கமான லாண்ட்மாஸ்டரின் பெயரே இரு சக்கர உழவு இயந்திரங்களுக்குப் பொதுப்பெயராயிற்று. பின்னர் யப்பானிய இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தன் நாட்டு மரையையும் உடன் கொண்டுவந்தது. 1841இல் ஜோசப் விற்வேத் பிரித்தானியாவுக்கு வகுத்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் மீற்றர் மரைக்கும் 60 பாகை. அரை அங்குல விற்வேத் மரையில் அங்குலத்துக்கு 12 புரிகள். அதே விட்டமுள்ள அமெரிக்கப் பருமரையில் 13 புரிகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இவ்விரண்டையும் மாறிப் பூட்டினால் முதற் சில சுற்றுகள் இலகுவாகச் செல்லும், பின்னர் இறுகும். 'துருப்பிடித்துவிட்டது' என்று எண்ணி நீண்ட சாவியால் முறுக்கப்படுகிறது. இறுக்கம் பல்லைப் பிடித்த இறுக்கமன்று; மரை மரையை நசுக்கிய இறுக்கம். சூடடிக்கும் உருளையின் பல்லொன்று இவ்வாறு பூட்டப்பட்டிருப்பின், அதிர்வில் அது தளர்ந்து சுழற்சியின் வேகத்தோடு வெளியே பறக்கும். கதிரை உட்செலுத்தும் தொழிலாளியின் முகமும் மார்பும் அதன் எதிரில் உள்ளன என்பதை மறத்தலாகாது. இங்கு மரை நியமம் என்பது பாடநூற் செய்தியன்று. மனித உடலைப் பற்றிய விடயம்.

மீற்றர் மரையைப் பழைய அங்குலக் கடைசல் இயந்திரத்தில் வெட்டுவதும் அன்றாடச் சிக்கல். 1959இல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என நிர்ணயிக்கப்பட்டது. 25.4ஐ முழு எண்ணாக்க ஐந்தாற் பெருக்கினால் 127 வரும். 127 ஒரு முதன்மை எண். ஆகவே 127 பற்களுடைய, அன்றி அதன் மடங்கான பற்களுடைய, பற்சக்கரம் ஒன்றின்றிச் சரியான மீற்றர் மரை கிடைக்காது. இச்சக்கரம் பல பழைய இயந்திரங்களுடன் வருவதில்லை. ஆனால் 127க்கு 100 என்னும் விகிதத்துக்குப் பதிலாக 80க்கு 63 என்னும் விகிதத்தைப் பயன்படுத்தலாம். இதன் வழு ஏறத்தாழ 8000இல் ஒரு பங்கு. 100 மில்லிமீற்றர் நீளமான மரையில் இது 0.0125 மில்லிமீற்றர் மட்டுமே. சாதாரண மரையாணிக்கு இது பொருட்டன்று; இயந்திரத்தை நகர்த்தும் நீண்ட அளவுத் திருகுக்கு இது ஏற்கத்தக்கதன்று. எங்கே போதும், எங்கே போதாது என்பதைப் பிரித்தறிய இச்சிறு கணிதம் வேண்டும். பாடசாலையிற் பின்னம் கற்ற எவரும் இதனைச் செய்யலாம். அதனைப் பட்டறையின் மொழியிற் சொல்லிக் கொடுத்தவர் அரிது.

வில்லுத் தகடும் வெடிப்பும்

புதிய உருக்கு விலைகூடியது. ஆகவே கழிந்த லொறியின் வில்லுத் தகடு பட்டறையின் அரும்பொருள். கலப்பை நுனி, கத்தி, சூடடிக்கும் பல் ஆகியன அதிலிருந்தே ஆக்கப்படுகின்றன. தேர்வு சரியானதே, தேய்மானத்தை நன்கு தாங்கும் உருக்கு அது. சிக்கல் அதனை வெல்டிங் செய்யும்போது எழுகிறது.

சாதாரண மென்னுருக்கிற் காபன் ஏறத்தாழ 0.25 சதவீதத்துக்கு உட்பட்டது. வில்லுத் தகட்டில் அது 0.5 முதல் 0.6 சதவீதம் அளவில் இருக்கும். வெல்டிங்கின் அருகே செந்நிறமாகச் சூடேறிய பகுதி சுற்றியுள்ள குளிர்ந்த உலோகத்தால் விரைந்து ஆற்றப்படும்போது கண்ணாடி போன்று கடினமாகி நொறுங்குந் தன்மை பெறுகிறது. ஈரமான வெல்டிங் கோலிலிருந்து ஐதரசனும் உட்புகுமாயின், வெடிப்பு உடனே தோன்றாமற் சில மணித்தியாலங்களோ சில நாட்களோ கழித்துத் தோன்றும். மாலையிற் சோதித்து நன்றெனக் கொடுத்த பல், களத்தில் முறிவது இதனாலேயே. வெல்டிங் தையல் முழுமையாக இருக்க, அதன் அருகே கோடிழுத்தாற்போல உலோகம் பிளந்திருப்பது இத்தோல்வியின் அடையாளம்.

மழைக்காலத்தில் வெல்டிங் கோல்களைத் திறந்த பெட்டியில் வைத்தலும், அவசரத்தில் வேலையைத் தண்ணீரில் அமிழ்த்தி ஆற்றுதலும் இவ்வெடிப்பை வளர்க்கும் பழக்கங்கள். உலர்ந்த குறை ஐதரசன் கோலைப் பயன்படுத்துதல், தகட்டை முன்கூட்டியே 200 முதல் 300 பாகை வரை சூடாக்குதல், முடித்தபின் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுதல் என்பன தீர்வுகள். சாம்பலிற் புதைக்கும் முறையை எமது கொல்லர் நெடுங்காலமாக அறிவர். உலைக்களத்தில் அறியப்பட்டது வெல்டிங் கருவியின் வருகையோடு கைவிடப்பட்டது. பழைய தொழிலின் அறிவு புதிய கருவியோடு இணைக்கப்படவில்லை.

தகடு எவ்வகை உருக்கென்று அறியாதபோது சாணைக்கல் உதவும். மென்னுருக்கு நீண்ட பொறிகளைச் சில கிளைகளுடன் வீசும். காபன் மிகுந்த உருக்கு பூவாணம் போற் பல கிளைகளாக வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குறுகியும் செம்மை கூடியும் இருக்கும். அறிந்த உருக்குத் துண்டுகள் சிலவற்றை ஒப்பீட்டுக்கென வைத்திருந்தால் இச்சோதனை மேலும் நம்பகமாகும்.

உருளையின் சமநிலை

மேற்கூறிய தாங்கியும் மரையும் வெல்டிங்கும் ஒருங்கே சோதிக்கப்படுவது உருளை சுழலும்போதுதான். உருளையின் ஒரு பக்கத்தில், அச்சிலிருந்து 250 மில்லிமீற்றர் தூரத்தில், 100 கிறாம் நிறை கூடியுள்ளதெனக் கொள்வோம். ஒரு பல் தடித்திருந்தாலே இவ்வேறுபாடு உண்டாகலாம். நிமிடத்துக்கு 600 சுற்றில் இந்நிறை ஏறத்தாழ 99 நியூற்றன் விசையை, அதாவது 10 கிலோகிறாம் நிறையின் பாரத்துக்குச் சமமான விசையை, தாங்கிகளின்மீது செலுத்தும். செக்கனுக்குப் பத்துத் தடவை அது திசைமாறி மேலும் கீழும் இழுக்கும். வேகம் 900 சுற்றாக உயர்ந்தால் விசை ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காக உயரும். ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேலை விரைந்து முடியுமென்று சிறிய கப்பியைப் பூட்டுவோர் இதனை அறிந்திருத்தல் அவசியம். அதிர்வு மரையைத் தளர்த்துகிறது, வெடிப்பை நீட்டுகிறது, தாங்கியை அழிக்கிறது. நான்கு தோல்விகளாகத் தோன்றுவன பல வேளைகளில் ஒரே தோல்வியின் நான்கு முகங்களே.

சமநிலை பார்க்க விலையுயர்ந்த பொறி முதற்கட்டத்தில் வேண்டியதில்லை. நேரான இரு இரும்புச் சட்டங்களை நீர்மட்டத்தாற் சமப்படுத்தி, உருளையின் தண்டை அவற்றின்மீது வைத்தால், பாரமான பக்கம் தானே கீழே உருண்டு நிற்கும். எதிர்ப்பக்கத்தில் நிறை சேர்த்து, எந்நிலையில் விட்டாலும் உருளை அசையாது நிற்கும்வரை திருத்தலாம். நீண்ட உருளையிற் சேர்க்கும் நிறையை இரு முனைகளுக்கும் பகிர்தல் நன்று. ஒரு முனையில் மட்டும் சேர்த்தால், நிற்கும்போது சமனாகவும் சுழலும்போது முனைகள் மாறிமாறி ஆடுவதாகவும் அமையக்கூடும்.

பிரச்சினையின் அடிப்படை

இதுவரை நோக்கியவற்றில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். எந்தவொரு பிரச்சினைக்கும் தீர்வு உலகில் இல்லாமலில்லை. பல தீர்வுகளுக்குப் பெருஞ்செலவும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு பட்டறையும் அவற்றைத் தனித்தனியே, தோல்வியடைந்து தோல்வியடைந்தே கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. கண்டுபிடித்தவர் 'பாஸ்' எனப்படும் மூத்த தொழிலாளி. அவருடைய அறிவு அவரது விரல்களில் உள்ளது, தாளில் இல்லை. அவர் வெளிநாடு சென்றாலோ மறைந்தாலோ பட்டறை மீண்டும் ஆரம்பத்திலிருந்தே தொடங்குகிறது.

இதன் பொருளாதார விளைவு கமக்காரரையே தாக்குகிறது. ஒரே பட்டறை ஆக்கிய இரு இயந்திரங்களின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில் அராவிப் பொருத்தப்பட்டது. பெரும்போக அறுவடையில் ஓர் உறுப்பு முறிந்தால், முழு இயந்திரத்தையும் பட்டறைக்கு இழுத்துச் செல்லவேண்டும். உறுப்பை மட்டும் வாங்கிச் சென்று களத்திற் பூட்ட இயலாது. இழந்த ஒவ்வொரு நாளும் மழைக்கும் கடனுக்கும் நெல்லை விட்டுக்கொடுக்கும் நாள். பழுதுபார்க்கும் நேரத்துக்குரிய கூலியைக் கமக்காரரும் கொடுக்கவியலாது, பட்டறையும் விடவியலாது. இறக்குமதிப் பொருள் இவ்விடத்திலேயே வெல்கிறது. அதன் உலோகம் எப்போதும் சிறந்ததென்பதனாலன்று. அதன் உறுப்பு அளவின்படி ஆக்கப்பட்டதென்பதனால்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வோர் உறுப்புக்கும் அளவும் அனுமதிக்கப்பட்ட வேறுபாடும் குறித்த ஒரு தாள் பட்டறைச் சுவரில் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, அடிக்கடி ஆக்கப்படும் உறுப்புகளுக்குச் 'செல்லும்–செல்லா' அளவுத்துண்டுகளைப் பட்டறையே ஆக்கிக்கொள்ளலாம். ஒரு முனை செல்லவேண்டும், மறுமுனை செல்லக்கூடாது என்ற எளிய விதி வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். மூன்றாவதாக, விற்வேத், அமெரிக்க, மீற்றர் மரையாணிகளை நிறமிட்ட தனிப்பெட்டிகளில் வைத்தலும், ஒவ்வொரு முறிவையும் திகதியோடு ஒரு கொப்பியிற் குறித்தலும் நாளைக்கே தொடங்கத்தக்கவை.

எஞ்சியது பல்கலைக்கழகத்தின் கடமை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இன்று கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் நெல்வயல்களுக்கு அண்மையில் உள்ளது. பட்டறைகளின் நுண்மானிக் கணிச்சிகளை ஆண்டுக்கொரு முறை நியம அளவுத்துண்டுகளோடு ஒப்பிட்டுக் கொடுத்தல் ஆய்வுகூடமொன்றுக்குச் சில நாள் வேலை. முறிந்து வந்த உறுப்புகளை மாணவர் வெட்டிப் பார்த்துக் காரணத்தை எழுதுதல் எந்தப் பாடநூற் பயிற்சிக்கும் குறைந்ததன்று. அவ்வாறு எழுதப்படுவது தமிழில், பட்டறையார் வழங்கும் சொற்களோடு, எழுதப்படுதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவத்துக்கு அன்று இயன்றது தண்டுக்கும் தாங்கிக்கும் இன்று இயலாதென்பதற்கு நியாயமில்லை. 2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பத் துறை புகுத்தப்பட்டபின், இவ்வாறான நூல்களை வாசிக்கக்கூடிய மாணவரும் எம்மிடையே உள்ளனர்.

பட்டறைக்குச் செல்லும் ஆய்வாளர் கற்பிப்பவராக மட்டும் செல்லுதலாகாது. சாம்பலிற் புதைத்து ஆற்றும் முறையையும், காலிப்பரின் தொடுகையையும், சாணைப்பொறியின் வேறுபாட்டையும் அவர் அங்கிருந்தே கற்கவேண்டியிருக்கும். அளவைக் கொண்டுசெல்பவரும் அனுபவத்தைக் கொண்டிருப்பவரும் ஒரே மேசையில் அமர்ந்து முறிந்த பல்லொன்றை ஆராய்வது இதற்கு நல்ல தொடக்கமாகும். அடுத்த தட்டுப்பாடு வரும்வரை இதற்குக் காத்திருத்தல் வேண்டியதில்லை.